தகடூர்: தலைநகரும் அதன் தென்புலச் சமவெளியும்

சங்ககாலத் தலைநகர்கள் எனின் மதுரை, உறையூர், வஞ்சி ஆகிய மூன்றுமே மாணவர் நினைவில் முந்துவன. புகாரும் கொற்கையும் முசிறியும் பட்டினங்கள் என்ற முறையில் அவற்றின் பின் நிற்கும். தகடூர் இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. அஃது ஒரு குறுநில மன்னனின் அரண் என்றும், ஔவையார் பாடியமையாற் பெயர் பெற்றது என்றும், சேரமான் ஒருவனால் எறியப்பட்டு அழிந்தது என்றும் இரண்டொரு தொடர்களிற் கூறி இலக்கிய வரலாற்று நூல்கள் மேற்செல்லும். இக்கூற்றுகளுள் ஒன்றும் முழுப்பொய் அன்று. எனினும் மூன்றும் சேர்ந்து தரும் காட்சி பொருந்தாது என்பது எம் கருத்து. தகடூரின் ஆக்கமும் கேடும் அதன் மதிலடியில் முடிவு செய்யப்பட்டன அல்ல. தொப்பூர்க் கணவாய்க்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சேலம் நாமக்கல் சமவெளியை ஆள்வோர் யாவர் என்பதே, ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுக்காலம், அத்தலைநகரின் நிலையை உறுதி செய்து வந்தது. இதனைப் பாட்டுகளையும் கல்வெட்டுகளையும் ஒருங்கு வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நில இயல்பைக் காண்போம். தகடூர் இன்றைய தருமபுரி என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அவ்வூர்க் கோட்டைப் பகுதியிலும் சுற்றுப்புறத்தும் கிடைத்த கல்வெட்டுகள் அதனைத் தகடூர் என்றே வழங்குகின்றன. அதற்குத் தெற்கே சேலம் செல்லும் வழியில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உளது. பெயரும் பழைய அரணின் எச்சமும் அதியர் நினைவை அங்கே நிலைநிறுத்தியுள்ளன. தருமபுரி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்தது. சேலமோ ஏறத்தாழ 280 மீட்டர். இரண்டிற்கும் இடையே நிலம் இறங்கும் இடமே தொப்பூர்க் கணவாய். சேலத்திலிருந்து தெற்கே இராசிபுரம், நாமக்கல் வழியாகக் காவிரியைக் கடந்தால் கருவூர். தருமபுரி முதற் கருவூர் வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இன்று காசுமீரத்தையும் குமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியையே பின்பற்றுகிறது. சாலை புதிது, வழி பழையது.

இவ்வழியின் வடமுனையில் அதியரும் தென்முனையில் இரும்பொறை மரபினரும் இருந்தனர் என்பதை மனத்திற் கொண்டால் பிற்பட்ட போரின் காரணம் பாதி விளங்கிவிடும். கருவூர்க்கு அண்மையிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைக் கூறுகின்றது. கருவூரிற் கிடைத்த சேரர் காசுகளுள் ஒன்று ‘கொல்லிப்புறை’ என்னும் எழுத்துப் பொறிப்புடையது. கொல்லி என்பது நாமக்கல், இராசிபுரம் சமவெளியைக் கிழக்கே நின்று நோக்கும் மலை. காவிரியின் தென்கரையிலிருந்த ஓர் அரசமரபு வடகரையிலுள்ள மலையின் பெயரைத் தன் காசிற் பொறித்துக்கொண்டது என்றால், அம்மலையைத் தனதாக்கியதனை அது எத்துணைப் பெரிதாகக் கருதிற்று என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, ‘குறுநில மன்னன்’ என்னும் வழக்கு. அதியமானைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை எண்ணுகின்றது. பேகன், பாரி, காரி, ஆய், நள்ளி, ஓரி என்போருடன் வைத்து எண்ணப்பட்டமையால் அவனும் அவர்போல் ஒரு மலைக்கிழவன் எனக் கொள்ளப்பட்டான். ஆயின் அசோகருடைய இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டவராகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வரைக் கூறும். மூவர் யாவர் என்பதில் ஐயமில்லை. சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுநாள் தீராத வினாவாக இருந்தது. துளுநாட்டினர் என்றனர் சிலர். காஞ்சியோடு தொடர்புபடுத்தினர் வேறு சிலர். வாய்மொழி தவறாமைக்குப் பெயர் பெற்ற கோசர் என்றனர் மற்றொரு சாரார். கே. ஜி. சேஷையர் அதியமானே சத்தியபுத்திரன் எனக் கருதினார். ‘சேரமான்’, ‘மலையமான்’ என்பவற்றிற்போல ‘அதியமான்’ என்பதன் ஈறும் ‘மகன்’ என்பதன் மரூஉ. எனவே ‘அதிய மகன்’ என்பதும் ‘சத்திய புத்திரன்’ என்பதும் ஒன்றற்கொன்று நேரொக்கும். தமிழில் மொழிமுதற் சகரம் கெடுதலும் புதுவதன்று. இருப்பினும் அது மொழியியல் ஊகமாகவே பல்லாண்டு நின்றது.

1981இல் திருக்கோவலூர்க்கு அருகே பெண்ணையாற்றங்கரையிலுள்ள சம்பையில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் பாறைக் குகையொன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்பான் ஈந்த பள்ளி அது என்பது அதன் பொருள். ஒரே வரி; ஆயினும் மூன்று பெரும்பயன் அதனால் விளைந்தன. சத்தியபுத்திரர் யாவர் என்பது தெளிந்தது. புறநானூற்றில் ஔவையார் பாடிய நெடுமான் அஞ்சி, பெயர் மாறாமற் கல்லிற் கிடைத்தான். பாடல் பெற்ற சங்கத் தலைவன் ஒருவனை அவன் பெயரோடும் குடிப்பெயரோடும் பட்டத்தோடும் அவன் காலத்தை ஒட்டிய எழுத்திலேயே காண்டல் எளிதில் வாய்ப்பதன்று. மூன்றாவதே எம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது. அவன் தன் பட்டத்தைப் பிராகிருத வடிவிலேயே வைத்துக்கொண்டு, ஏனையவற்றைத் தமிழில் எழுதுவித்தான். அசோகர் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு, சம்பைக் கல்வெட்டு எழுத்தமைதியாற் கி.பி. 1ஆம் நூற்றாண்டை ஒட்டியது. முந்நூறு ஆண்டு கடந்தும் ஒரு குடி அப்பட்டத்தை மறவாது போற்றியது என்றால், மூவேந்தரோடு ஒப்ப நின்ற பழமையை அது தன் உரிமையாகக் கருதிற்று என்க. அத்தகைய குடியின் தலைநகரைச் சிற்றரண் என்றல் சாலாது. ‘குறுநிலம்’ என்பது வென்றவர் பக்கத்து வழக்கு என்பதே எம் துணிபு.

சம்பை பெண்ணையாற்றங்கரையிலிருத்தலும் கருதத்தக்கது. அதியமான் கோவலூரை எறிந்த வெற்றியைப் பரணர் பாடினார் என ஔவையார் புறநானூற்று 99ஆம் பாட்டிற் குறிப்பர். பரணர் பாடிய அப்பாட்டு நமக்குக் கிடைத்திலது. கிடையாத பாட்டிற்கு ஔவையார் சான்று. ஔவையார்க்குச் சம்பைப் பாறை சான்று. கோவலூர்ப் பக்கத்திலேயே அஞ்சி பள்ளி ஈந்தமையால், தகடூரிலிருந்து கிழக்கே பெண்ணை வழியே அவன் ஆணை சென்றது என்பது மெய்யாகின்றது.

புறநானூற்றில் அஞ்சியைப் பற்றிய பாட்டுகள் பலவாயினும், அவற்றிலிருந்து தகடூரை ஒரு நகராக வரைந்து காட்டுதல் அரிது. மதுரைக்காஞ்சி மதுரைக்குச் செய்ததனையும் பட்டினப்பாலை புகார்க்குச் செய்ததனையும் தகடூர்க்குச் செய்தார் இலர். அங்காடி இல்லை, தெரு இல்லை, விழா இல்லை. 390ஆம் பாட்டில் மலைக்கூட்டம் போன்ற மாடங்கள் எதிரொலிக்கத் தடாரியை அறைந்தமை கூறப்படுகின்றது, அவ்வளவே. ஆனால் வாயில் உண்டு. பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனை விளித்துச் சினந்து பாடியது அவ்வாயிலில் (206). தலைவன் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏலாது, யாம் வாணிகப் பரிசிலர் அல்லேம் என்னும் கருத்துப்படப் பெருஞ்சித்திரனார் மறுத்ததும் அவன்பாற் சென்றபோதே (208). வள்ளல் எனப் போற்றப்பட்டவனுடைய நகரைப் பற்றி எஞ்சியவற்றுள் இரு பாட்டுகள் முறையீடாக இருத்தல் நகைச்சுவைக்கு உரியதுபோலத் தோன்றும். எம் நோக்கில் அவை தகடூர்க்குப் பெருமையே. புலவர் தம் மதிப்பைத் தளர்த்தாது வாதாடத்தக்க அவையாக அஃது இருந்தது. அவ்வாதமும் பாட்டாக ஏற்றுப் பேணப்பட்டது.

அவ்வவையின் அரசியல் தன்மைக்கு 95ஆம் பாட்டு சான்று. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, அங்குள்ளவை பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு இருப்பதனையும், தம் தலைவனுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதனையும் ஒப்பிட்டார். இதனை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டிவிட்டு நிற்றல் வழக்கம். அப்பாட்டிலுள்ள கொல்லன் பட்டறையை யாம் அணியாக மட்டும் கொள்ளவில்லை. சேலத்திற்கு மேற்கேயுள்ள கஞ்சமலை இரும்புக் கனிமம் மிக்கது. தகடூரின் தென்புலச் சமவெளி நெல்லும் தினையும் மட்டும் அன்றி வேலும் தந்த நிலம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் மரபுச் செய்தியும் 99ஆம் பாட்டிலேயே வருகின்றது. ஔவையார் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டிலும் (392) அது மீண்டும் வரும். இன்று மோகனூர்ப் பக்கத்துக் காவிரிக்கரையில் கரும்புத் தோட்டங்களுக்கு இடையே செல்வோர்க்கு இச்செய்தி வெறும் புனைவாகத் தோன்றாது. கரும்பு நீரின்றி விளைவதன்று. தகடூர் மேட்டுநிலம் வறட்சி மிக்கது. ஆற்றுப்பாசனம் உள்ள நிலம் கீழ்த்திசையில் பெண்ணையிலும் தென்றிசையில் திருமணிமுத்தாற்றிலும் காவிரியிலுமே உளது. ஆதலின் அத்தலைநகர்க்குச் சமவெளி இன்றியமையாததாயிற்று.

போருக்கு வருவோம். திருக்கோவலூரை இழந்த மலையமான் காரி சேரரை அடைந்தான் என்றும், அவர் பொருட்டுக் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைக் கொன்றான் என்றும், அதன்பின் சேரன் தகடூர்மேற் சென்றான் என்றும் வரலாற்றாசிரியர் தொடர்புபடுத்துவர். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தி அகநானூற்று 209ஆம் பாட்டிலும், ஓரி மடிந்தபின் காரி அவன் தெருவிற் புகுந்தபோது எழுந்த ஆரவாரம் நற்றிணை 320ஆம் பாட்டிலும் உளது. முதற் செய்தியும் கடைச் செய்தியும் நூற்சான்றுடையன. அவற்றைக் கோத்த நூல் ஆராய்ச்சியாளர் தந்தது. கோவை பொருத்தமானதே. ஏனெனிற் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானோடு இருபெரு வேந்தரையும் ஒருங்கு வென்று, அதன்பின் தகடூரை எறிந்தான் எனத் தெளிவாகக் கூறுகின்றது.

இவ்வடைவை ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலிற் கொல்லிக் கூற்றம், அடுத்துத் தகடூர். மூன்று மன்னர் கூடிநின்று பொருத பெரும்போர் தகடூர் மதிற்புறத்தன்று, நாமக்கல் இராசிபுரச் சமவெளியில் நிகழ்ந்தது. சோழனும் பாண்டியனும் எனக் கருதப்படும் அவ்விரு வேந்தரும் ஓர் எளிய மலைத்தலைவன்பொருட்டுத் தம் படையைக் காவிரிக்கு வடக்கே விடுத்தனர் என்பது நம்பற்பாலதன்று. கொல்லி சேரனுடையதாயின் காவிரியின் மேல்நீர்ப் பகுதியும் அவன் கையகத்ததாகும் என்பதே அவர் அச்சம். கொல்லிக் கூற்றம் வீழ்ந்த அன்றே தகடூரின் விதி முடிந்தது. முற்றுகை எஞ்சிய வினையே. பதிகங்கள் பாட்டுகளிற் பிற்பட்டன என்பதனை யாம் மறந்திலேம். ஆயினும் எட்டாம் பத்தினுள்ளேயே தகடூர் அழிவு பேசப்படுதலானும், கருவூர்க் காசிற் கொல்லிப் பெயர் காணப்படுதலானும், பதிகம் கூறும் அடைவை ஏற்பதில் தடையில்லை.

வீழ்ந்தவன் அஞ்சியோ அவன் மகன் எழினியோ என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 231, 232, 235ஆம் பாட்டுகளில் ஔவையார் அஞ்சியின் இறப்பைப் பாடுவர். 235இல் அவன் மார்பில் தைத்த வேல் பாணர் உண்கலத்தையும் புலவர் நாவையும் ஒருங்கே துளைத்ததாகக் கூறும் புலம்பலை அறியாதார் இலர். 230ஆம் பாட்டோ எழினி போர்க்களத்தில் வீழ்ந்ததனை அரிசில்கிழார் பாடியது. தகடூரிற் பொருது வீழ்ந்தவன் என்னும் செய்தி அதன் அடிக்குறிப்பிலேயே உள்ளது. அஞ்சி வேறொரு போரிலும் எழினி தகடூரிலும் வீழ்ந்தனர் எனக் கொண்டால் எல்லாப் பாட்டும் தத்தம் இடத்தில் அமையும். எழினி என்பது அக்குடியில் வழிவழி வழங்கிய பெயராகலாம் என்பதனைப் பிற்காலக் கல்வெட்டொன்று காட்டும்.

அரிசில்கிழாரின் நிலை தனித்து ஆராயத்தக்கது. பெருஞ்சேரல் இரும்பொறையின் எட்டாம் பத்தைப் பாடியவர் அவரே. பதிகத்தின்படி அவன் ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுக்க, அவர், நீயே ஆள்க என வேண்டி அமைச்சுப் பூண்டார். வென்றவனுடைய அமைச்சராக விளங்கிய அவரே வீழ்ந்தவனுக்கு இரங்கலும் பாடினார். அவ்விரங்கற்பா எழினி காத்த நாட்டின் அமைதியைச் சொல்கின்றது: காட்டில் அச்சமின்றித் தங்கும் ஆநிரை, வழியில் விரும்பிய இடத்திற் தங்கும் வழிப்போக்கர், காவலின்றிக் கிடக்கும் களத்து நெற்குவை. பின்னர்க் கூற்றத்தை நோக்கி, குடி கெட்ட உழவன் விதைநெல்லை உண்டதுபோல நீ இவனை உண்டாய் எனக் கடிகின்றது. தன் தலைவன் வெற்றியை ஒரு சொல்லாலும் பாராட்டாத இப்பாட்டைச் சேரன் அவைக்குரியவர் பாடினார். சேரனும் அதனைப் பொறுத்தான். முரசுகட்டிலிற் துயின்ற மோசிகீரனார்க்குக் கவரி வீசிய மன்னனாகப் புறநானூறு (50) காட்டுவது இப்பெருஞ்சேரல் இரும்பொறையையே. தகடூரை எறிந்தவன் என்னும் அடைமொழி அவனுக்கு அங்கே உண்டு. வென்றவன் பெயரிலேயே வீழ்ந்த நகரின் பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது.

அழிந்த தலைநகர் பாட்டில் வாழ்தல் தமிழ்நாட்டிற்கே உரியதன்று. அயர்லாந்தின் வரலாற்றைக் கற்பார் தலைநகர் இருவகைப்படுதலைக் காண்பர். டப்ளின், 9ஆம் நூற்றாண்டில் கடல்வழி வந்த வடவர் அமைத்த பாடியிலிருந்து வளர்ந்தது. 1204இல் ஆங்கில மன்னன் ஆணையால் எழுந்த கோட்டை 1922 வரை அயலாட்சியின் இருக்கையாயிற்று. அதே நகரில்தான் 1904இல் ஆபி நாடக அரங்கு தோன்றியது. 1916இல் விடுதலை எழுச்சி நிகழ்ந்தது. தாரா என்னும் மேடோ பழைய பேரரசர் இருக்கை. கோட்டையும் இல்லை, நகரும் இல்லை. கதையும் பாட்டும் மட்டுமே உண்டு. ஆயினும் 1843இல் ஓ’கானல் தம் மக்களைப் பெருந்திரளாகக் கூட்டத் தேர்ந்த இடங்களுள் தாரா மேடும் ஒன்று. ஆட்சி டப்ளினிலும் நினைவு தாராவிலும் இருந்தன எனலாம். தகடூர் இவ்விரண்டில் எவ்வகைத்து? பாட்டில் வாழ்ந்தமையால் தாராவை ஒக்கும். எறியப்பட்ட பின்னும் ஆட்சியிருக்கையாகத் தொடர்ந்தமையால் டப்ளினை ஒக்கும். இவ்விரண்டாம் பகுதியையே இலக்கிய மாணவர் காணத் தவறுவர்.

பாட்டில் வாழ்ந்தமைக்குத் தகடூர் யாத்திரை என்னும் நூல் தலையாய சான்று. அந்நூல் முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டு அதன் பாடல்களுள் ஏறத்தாழ நாற்பதைக் காத்துத் தந்தது. தொல்காப்பிய உரைகளும் சிலவற்றைக் காட்டுகின்றன. பொன்முடியார், அரிசில்கிழார் முதலியோர் பாட்டுகள் அதனுட் கலந்திருந்தன. செய்யுளியல் உரையிற் பேராசிரியர், உரைநடை விரவி வரும் பழங்கதையாகிய ‘தொன்மை’ என்னும் வனப்பிற்குப் பெருந்தேவனார் பாரதத்தோடு தகடூர் யாத்திரையையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். பாரதப் போரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க தமிழ்ப்போர் ஒன்றே. அது தகடூர்ப் போர். ஒரு நகரின் முற்றுகை பற்றித் தனிநூல் எழுந்தமைக்குத் தமிழில் அதனினும் பழைய சான்று கிடைத்திலது. அஃது இறந்துபட்டமை நம் இலக்கியத்திற்கு நேர்ந்த பேரிழப்புகளுள் ஒன்று. புறத்திரட்டைத் தொகுத்தவர் பெயரைக்கூட நாம் அறியோம்; அவர்க்குத் தகடூர் பட்டுள்ள கடன் பெரிது.

நடுகல் வழக்கும் இங்கே நினையத்தக்கது. இறந்த அஞ்சிக்குக் கல் நட்டுப் பீலி சூட்டி நாரால் வடித்த கள்ளைச் சிறுகலத்தில் உகுத்தமையை 232ஆம் பாட்டு கூறுகின்றது. தருமபுரி மாவட்டத்திலும் அதனை அடுத்த செங்கத்திலும் பல்லவ மன்னர் ஆட்சியாண்டைக் குறிக்கும் வட்டெழுத்து நடுகற்கள் மிகுதியாகக் கண்டறியப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்க்கு எடுத்தவை அவை. பாட்டிற்கும் அக்கற்களுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் கழிந்தும் வழக்கம் மாறவில்லை. தலைநகர் எரிந்தாலும் அதன் நாட்டு மக்கள் மரபு எரியவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி அதியர் மீண்டும் தோன்றும் இடம் நாமக்கல். ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக எழும் குன்றின் இருபுறத்தும் குடைவரைக் கோயில்கள் உள. கீழ்ப்புறத்தது அரங்கநாதர் குடைவரை. மேற்புறத்தது நரசிங்கர் குடைவரை. கீழ்ப்புறக் குடைவரையிலுள்ள கிரந்தக் கல்வெட்டு அதனை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்றும், செய்வித்தவன் அதிய குலத்துக் குணசீலன் என்றும் கூறும். காலம் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. மேற்புறக் குடைவரையின் நரசிங்கம், வராகம், உலகளந்த பெருமாள் ஆகிய சிற்பங்கள் தமிழ்நாட்டுக் குடைவரைச் சிற்பங்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கவை. குன்றின்மேலுள்ள கோட்டை பல நூற்றாண்டு பிற்பட்டது. அதனை அதியர் கோட்டை என வழிகாட்டுவோர் கூறுவதனை மாணவர் நம்பலாகாது.

இதே காலத்துப் பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, ஆயிரவேலி அயிரூரிலும் புகழியூரிலும் அதியனை அவன் புறங்கண்டதனையும், அதியனுக்குத் துணையாக வந்த பல்லவனும் கேரளனும் தோற்றோடியதனையும் கூறுகின்றது. புகழியூர் இன்றைய புகழூர். இரும்பொறையர் கல்வெட்டுக் கிடைத்த அதே இடம். கி.பி. முதல் நூற்றாண்டுகளிற் கொல்லிக் கூற்றத்தில் நிகழ்ந்தது 8ஆம் நூற்றாண்டிற் காவிரிக்கரையில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். அன்று சேரன் பகை. அதியற்கு இரு வேந்தர் துணை. இன்று பாண்டியன் பகை. பல்லவனும் கேரளனும் துணை. ஆள் மாறினும் களம் மாறவில்லை. வென்ற பாண்டியன் கொங்குநாட்டில் காஞ்சிவாய்ப் பேரூரில் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். தோற்ற அதியர் குடியும் நாமக்கல்லில் திருமாலுக்கே குடைவரை எடுத்தது. அதியர் தம் பெயரைக் கல்லில் நிறுத்தத் தெரிந்துகொண்ட இடம் தகடூர் அன்று, நாமக்கல் என்பதனை எம் கருத்திற்குப் பெருந்துணையாகக் கொள்கின்றோம். சமவெளியைத் தம்முடையது என்று அறிவித்தலே அவர்க்கு அன்று வேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் தகடூர் நுளம்பர் கைப்பட்டது. தருமபுரியிற் கிடைத்த கன்னடக் கல்வெட்டு சகம் 815, அஃதாவது கி.பி. 893ஐச் சார்ந்தது. வணிகர் குடியிற் பிறந்த உடன்பிறந்தார் இருவர் தகடூரிற் சமணப் பள்ளி எடுத்ததனையும், மகேந்திர நுளம்பன் அதன்பொருட்டு நிலக்கொடை அளித்ததனையும் அது கூறும். சம்பையில் அஞ்சி பள்ளி ஈந்தான். தகடூரில் வணிகர் பள்ளி எடுத்தனர். மொழியும் அரசும் மாறின. வணிகர் செல்லும் வழியில் துறவியர் உறையுள் அமைதல் மாறவில்லை. கன்னடமும் தமிழும் ஒருங்கு வழங்கிய நகராகத் தகடூர் விளங்கியமை இன்றும் அப்பகுதிப் பேச்சில் தெரியும்.

சோழர் காலத்தில் அதியர் சோழர்க்குப் படைத்தலைவராயினர். கி.பி. 1116-17ஐ ஒட்டிப் போசள விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகன் கங்கராசன் தலைக்காட்டைத் தாக்கியபோது அங்கே சோழர் சார்பில் எதிர்நின்றவன் ஓர் அதியமான். பணிந்து விட்டுப்போகுமாறு கூறியதற்கு அவன் உடன்படாது பொருது தோற்றான் எனக் கன்னடக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. பகைவர் கல்வெட்டில் அவன் மறம் நிலைத்தது.

இக்குடியின் கடைசிப் பெருமகனாக யாம் கருதுவது மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகிய பெருமாளை. தகடூர்த் தலைவனாகிய அவன், போளூர்க்கு அருகிலுள்ள திருமலைச் சமணக் குன்றில், தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுக்கி அமைத்தான். எழினியை அக்கல்வெட்டு வஞ்சியர் குலத்தவன், சேர மரபினன் எனக் கூறுகின்றது. தகடூரை அழித்தவன் சேரன். தகடூர் அதியன் தன்னைச் சேரமரபினன் என்கின்றான். இம்முரணைப் பிற்காலத்தார் அறியாமை எனத் தள்ளுவோர் உளர். யாம் அங்ஙனம் தள்ளத் துணியேம். புறநானூற்று 99ஆம் பாட்டிலேயே அதியமான் பனந்தோடு சூடியவனாகக் காட்டப்படுகின்றான்; பனம்பூமாலை சேரர்க்கு உரியது. எனவே இரு குடியும் ஒரு கால்வழியின் கிளைகள் என்னும் நினைவு சங்ககாலத்தே இருந்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் கொல்லிக் கூற்றத்துப் போர் பங்காளிகள் நிலத்தின்பொருட்டுச் செய்த போர் ஆகும். அரிசில்கிழார் இருவரையும் பாடியதும் வியப்பாகாது. ஆயிரம் ஆண்டின் பின் எழினியின் பெயரை ஒரு வழித்தோன்றல் நினைந்து கல்லிற் பொறித்தான். தகடூர் யாத்திரையின் ஏடுகள் அன்று அவன் நாட்டில் ஓதப்பட்டிருக்கும் எனக் கருதுதல் மிகையாகாது.

பிற்காலம் விரித்துரைக்க வேண்டியதன்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு வந்தபோது, அலெக்சாந்தர் ரீடு தலைமையில் நில அளவையும் வரிவிதிப்பும் தொடங்கின. அவர்க்குத் துணையாக இருந்த தாமசு மன்றோ சில ஆண்டுகள் தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னை மாநிலமெங்கும் பரவிய இரயத்துவாரி முறை இம்மண்ணிற் பயின்று பார்க்கப்பட்டது. மேட்டுநிலத்தையும் சமவெளியையும் ஒரே மாவட்டமாகக் கொண்ட அவ்வமைப்பு, அறிந்தோ அறியாமலோ, அதியமான் நாட்டின் எல்லையைப் பெரும்பாலும் ஒத்திருந்தது. 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 1997 சனவரி 1ஆம் நாள் நாமக்கல்லும் பிரிந்தது. ஆட்சி வசதிக்கு அது நன்றே. ஆயின் கல்வெட்டுகள் மாவட்ட வாரியாகத் தொகுக்கப்படுதலின், தகடூர் நுளம்பர் கல்வெட்டு ஒரு தொகுதியிலும், நாமக்கல் அதியேந்திரன் கல்வெட்டு வேறொன்றிலும், சம்பை விழுப்புரம் பக்கத்திலும், புகழூர் கருவூர்ப் பக்கத்திலும் அமைந்துவிட்டன. அதியரைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் இந்நான்கையும் ஒரே மேசைமேல் விரித்து, அருகே பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகத்தையும் வைத்துக்கொண்டு தொடங்குவாராக.